வலது முட்டிக்குப் பெயர் மாமியார்

“இறங்குங்க மாமியாரே, வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?” என்று வலது முட்டியை அதட்டிக்கொண்டேதான் காஜாக்கா பேருந்திலிருந்து இறங்குவாள். இடது முட்டிக்குப் பெயர் நாத்தனார். நிஜ மாமியாரும் நாத்தனாரும்கூட இவ்வளவு படுத்தியதில்லை என்று தையல்கடை முழுக்கக் கேட்கச் சான்றிதழும் கொடுப்பாள்.

கோட்டில் பொத்தான் நுழையும் துளையைச் சுற்றிக் கையால் நூல் கட்டுவது அவள் வேலை. அதற்குத்தான் காஜா என்று பெயர். மெஷின் காஜாவைக் கண்டால் எலி கடித்த மாதிரி இருக்கிறது என்று முகம் சுளிப்பாள். மார்பில் வந்த புற்றுநோயை அறுத்து, மருந்தேற்றி, கதிர் வைத்து முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அது திரும்பாமலிருக்க ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை அடிக்கிற கூத்துதான் இந்த மூட்டுவலி. காலையில் விரல் மடங்காது. வெந்நீர்க் குவளைக்குள் கையை விட்டுக் கால்மணி நேரம் உட்கார்ந்தால்தான் ஊசி பிடிபடும். சாயங்காலம் விரல் வீங்கி, ஊசி குத்தாமலிருக்க மாட்டிய உலோக மூடி கழலாது. அதோடே வீட்டுக்குப் போய்விடுவாள்.

விசாரிக்க வருகிறவர்கள் இருக்கிறார்களே! எல்லாம் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன வலி என்பவர்கள் ஒரு ரகம். மனசில் தைரியம் வேண்டும் என்பவர்கள் இன்னொரு ரகம். “தைரியத்தைக் குழைச்சு முட்டியில தடவிக்கவா?” என்று கேட்டுவிடுவாள். அடுத்த வாரமும் அதே அறிவுரையோடு வந்து நிற்பார்கள். வெட்கம் மானம் இருந்தால்தானே.

இவளும் லேசுப்பட்டவள் இல்லை. யாருக்கும் சொல்லாமல் மூன்று வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள். விரல் பிரிந்தது, ஊசி பறந்தது. பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து முதலாளியிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள். டாக்டரம்மாவிடம் மாட்டிக்கொண்டபோது அவர் கத்தவில்லை. வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பேனே, நோய் திரும்பினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து அழுதாள். பயம்தான், வேறொன்றுமில்லை. இப்போது மாத்திரை மாறியிருக்கிறது, தினம் அரைமணி நடக்கிறாள். வலி பாதிதான் குறைந்திருக்கிறது.

நேற்று ஏதோ ஒரு கம்பெனியின் நாற்பது கோட்டு வந்து இறங்கியது. பத்தே நாள் கெடு. முதலாளி, சட்டையில் ஒரு சுருக்கம் விழாத மனுஷர், குரலில் தேன் ஒழுக வந்து நின்றார்.

“அக்கா, இந்த ஆர்டர் முடியற வரைக்கும் அந்த மாத்திரையைக் கொஞ்சம் நிறுத்தி வைங்களேன். அன்னிக்கு எவ்வளவு வேகமாப் போச்சு. இல்லேன்னா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்.”

அடுத்தவர் உயிரில் என்ன தாராளம் பாருங்கள். காஜாக்கா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். மாத்திரையை அழுத்தித் தள்ளக் கட்டைவிரலுக்கு வலு வரவில்லை. கத்தரி நுனியால் கீறி எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். பிறகு முதல் கோட்டை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊசியையும் நூலையும் அவரிடம் நீட்டினாள்.

“கோத்துக் குடுங்க.”