பதினாறு கிராம் அடுப்பு

"முதுகுல சுமக்கக் கூடாதுன்னுதானே உன்னயப் படிக்க வச்சோம். இப்ப நீயாத் தேடிப்போயி சுமக்கிறியே, இது என்ன படிப்பு?"

அம்மா இப்படிக் கேட்டது போன வருடம் தை மாதம், நோர்வூட் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில். நடைப்பயணம் போய்வந்த என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பாடசாலையை முழுதாக முடித்தவள் நான்தான். பல்கலைக்கழகம் போனவளும் நான்தான். இப்போது நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கேயே ஓர் அறையில் தங்கியிருந்து விடுமுறைக்கு வீட்டுக்கு வருவேன். என்னோடு படித்த சிங்களத் தோழி ஒருத்தி இருக்கிறாள், குருநாகல் பக்கம் ஊர். அவள்தான் மலைகளில் பை மாட்டிக்கொண்டு நடக்கும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்திவிட்டாள். அம்மா இருபத்தாறு வருடமாகத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார். அவர் ஏறுவதும் அதே மலை, அவர் முதுகிலும் பாரம். அவருக்கு அது சம்பளம், எனக்கு அது பொழுதுபோக்கு. இதை எந்தச் சொல்லால் அவருக்கு விளக்குவது என்று எனக்கே விளங்கவில்லை.

"ஏழு கிலோ இருக்கும்" என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தார்.

நான் நம்பாமல் கடையில் நிறுத்துப் பார்த்தேன். ஏழு கிலோவும் நூறு கிராமும். குறித்த கிலோவுக்குக் கொழுந்து வராத நாளில் அரைநாள் பேர், அதாவது பாதிச் சம்பளம்தான் விழும். அந்தப் பயத்திலேயே அம்மாவின் கை தராசாகிவிட்டது.

அன்று ஒரு முடிவுக்கு வந்தேன். பாரத்தைக் குறைத்துக் காட்டினால் அம்மாவின் கேள்விக்குப் பதிலாகிவிடும். பையில் அதிகக் கனம் தோழியின் கேஸ் அடுப்பும் அதன் சிலிண்டரும். அதற்குப் பதிலாகக் குளிர்பானக் கேன்களை வெட்டி அடுப்பு செய்து, ஸ்பிரிட் ஊற்றித் தேநீர் போடும் வீடியோ ஒன்றைப் பார்த்திருந்தேன். அந்த அடுப்பு உள்ளங்கைக்குள் அடங்கியது.

இரண்டு கேன்களின் அடிப்பாகத்தை மூன்று விரல் உயரத்துக்குக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை இறுக்கிச் செருகி, விளிம்பைச் சுற்றிக் குண்டூசியால் துளை போட வேண்டும். சொல்ல இவ்வளவுதான். முதல் மூன்றும் செருகும்போதே கிழிந்தன. நாலாவதில் துளை பெரிதாகி ஒரு பக்கம் மட்டும் சீறியது. ஐந்தாவதுதான் அடுப்பானது. பாத்திரத்துக்கு மீன் அடைத்து வரும் உயரமான செமன் டின் ஒன்றை எடுத்து, கட்டுக்கம்பியில் கைப்பிடி முறுக்கினேன். சாம்பலும் தேசிக்காயும் போட்டு எத்தனை முறை தேய்த்தும் மீன் வாடை போகவில்லை.

ஸ்பிரிட் வாங்க நோர்வூட் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். கதிரை, மேசைக்குப் பொலிஷ் அடிக்கக் கேட்கிறேன் என்று முதலாளி நினைத்தார். அடுப்பைக் காட்டி, அதை அவருடைய ஆணி நிறுக்கும் தராசில் வைக்கச் சொன்னேன். எண்கள் கொஞ்சம் தடுமாறிப் பதினாறில் நின்றன.

"பதினாறு கிராம். இதுல என்னா மகள் ஆக்கப்போறீங்க, எறும்புக்குச் சோறா?" என்றார் முதலாளி. கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டில் நான்கு முறை சோதித்தேன். எங்கள் லயத்தில் சமைக்கும் குசினி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஜன்னல் கிடையாது. புகையேறிக் கறுத்த சுவர், பகலிலும் இருட்டு. அந்த இருட்டில் அடுப்பைச் சுற்றி நீலச் சுடர்கள் பூப் போலத் துளைதோறும் நிற்கும். எட்டு நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. மாசியில் நடைக்குக் கிளம்புமுன் அம்மா பையைத் தூக்கிப் பார்த்தார்.

"அஞ்சு."

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தோழியிடம் என் வீட்டைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. அப்பா தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறார் என்று முதல் வருடத்தில் சொல்லியிருந்தேன். அவள் அதைத் தோட்ட ஆபீஸ் வேலை என்று எடுத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. லயம் என்ற சொல் நாலு வருடமாக எங்கள் பேச்சுக்குள் வரவே இல்லை.

கந்தப்பளையில் பஸ்ஸைவிட்டு இறங்கித் தேயிலை மலைகளுக்கு நடுவே நடந்தோம். பனி விழுந்த காலை. ஒன்பதரைக்கெல்லாம் வெயில் கண்ணைக் கூசவைத்தது. ஒரு வளைவில் கொழுந்து எடுக்கும் பெண்கள் மூவர் பாதையோரம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளங்கையில் சீனி, போத்தலில் பால் விடாத சாயத் தேத்தண்ணி. நாங்களும் பத்தடி தள்ளிப் பையை இறக்கினோம். அவர்களில் மூத்தவர் போத்தலை உயர்த்திக் காட்டி, அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார்.

"தே பொனவாத, நோனா?"

தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிறார். அதுவும் பெரிய வீட்டு அம்மாவை அழைப்பதுபோல என்னை நோனா என்கிறார். நான் சிங்களத்திலேயே வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. தோழி பக்கத்தில் இருந்தாள். என் அடுப்பில் என் தேநீர் போடவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. இரண்டும் காரணமாக இருக்கலாம்.

அடுப்பில் ஸ்பிரிட்டை ஊற்றிப் பற்றவைத்துச் செமன் டின்னை மேலே வைத்தேன். எங்களுக்குத் தமிழ் தெரியாதென்று நினைத்து அந்தப் பெண்கள் தாராளமாகப் பேசினார்கள்.

"கொழும்புப் புள்ளைங்க போல. செமன் டின்னுல தண்ணி வைக்குதுங்க பாருடி."

"வீட்டுல சட்டிபானை இல்லயோ என்னமோ. பாவம்."

"அந்தச் சின்னதுக்கு நம்ம ஆளுங்க மூஞ்சியாட்டம் இருக்கு."

"சும்மா இருடி. நம்ம புள்ளயா இருந்தா வந்து பேசாதா?"

கடைசியாகச் சொன்னவர் தேத்தண்ணி நீட்டிய மூத்த அக்கா. நான் காதில் விழாதவள்போல அடுப்பைக் குனிந்து பார்த்தேன். அடுப்பில் சுடரே இல்லை.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. பற்றவைத்ததை நானே பார்த்தேன். காற்றும் இல்லை, மறைப்புக்கு அலுமினியத் தகடும் சுற்றியிருக்கிறது. பின் எப்படி அணைந்தது? நீலமாக ஒன்றும் தெரியவில்லை, புகையும் இல்லை. தோழியும் எட்டிப் பார்த்து, "அணைந்துபோய்விட்டது" என்றாள். பனி நேரத்தில் ஸ்பிரிட் குளிர்ந்திருக்கும், இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். டின்னைக் கைப்பிடியால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, போத்தல் மூடியைத் திறந்து அடுப்பில் ஊற்றினேன்.

புஸ் என்று ஒரு சத்தம். கையில் சுரீரென்று சூடு. என்னவென்று தெரியாமலே போத்தலை வீசிவிட்டேன். அது தோழியின் காலடியில் விழுந்து சிந்தியது. அடுத்த நொடி அவள் காலை உதறிக்கொண்டு குதித்தாள், முழங்காலுக்குக் கீழே அடி அடியென்று அடித்தாள். ஆனால் அங்கே நெருப்பே இல்லை. வெயிலும் அவளுடைய காற்சட்டையும்தான் தெரிந்தன.

"அட்டை புடிச்சிருச்சு நோனாவ" என்று ஒரு பெண் சொல்ல, மூவரும் சிரித்தார்கள். "ஒரு அட்டைக்கு இந்த ஆட்டமா."

எங்கள் மலையில் ஒருவர் அப்படிக் காலை உதறினால் யாரும் அட்டை என்றுதான் நினைப்பார்கள். நானும் அரை நொடி அப்படித்தான் நினைத்தேன். அப்போது அவள் காலடியில் இருந்த புல் தானாகச் சுருண்டு கறுப்பதைப் பார்த்தேன். ஒன்றுமே தெரியாத இடத்தில் புல் கருகிக்கொண்டிருந்தது.

"அக்கா, அட்டை இல்லக்கா, தீ. கண்ணுக்குத் தெரியல, கால்ல எரியுதுக்கா."

என் வாயிலிருந்து வந்தது எங்கள் லயத்துத் தமிழ். யோசித்துப் பேசவில்லை. சிரிப்பு அறுந்தது. அந்த மூத்த அக்கா ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் சுற்றிக்கட்டும் தடித்த சாக்கைப் படங்கு என்போம். காலைப் பனியில் ஊறிப்போயிருந்த அந்தப் படங்கை ஓடிவரும்போதே அவிழ்த்து, தோழியின் காலைச் சுற்றி அமுக்கிப் பிடித்தார். மற்ற இருவரும் தேத்தண்ணியையும் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரையும் புல்லில் ஊற்றினார்கள்.

காற்சட்டை பருத்தியாக இருந்ததும் பனியில் நனைந்திருந்ததும் நல்லதாகப் போயிற்று. கெண்டைக்காலில் உள்ளங்கை அளவு சிவந்து, இரண்டு கொப்புளங்கள். என் விரல்களில் கொஞ்சம் தோல் வழன்றிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஓரமாக வைத்த செமன் டின்னைத் தொட்டேன். சுட்டது. அடுப்பு அணையவே இல்லை. ஸ்பிரிட்டின் நெருப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவள் நான். எத்தனோல் எரியும் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் எழுதுவேன். ஆனால் நாலு முறையும் இருட்டுக் குசினியிலேயே சோதித்தேன், ஒருமுறைகூட வாசலுக்குக் கொண்டுவந்து பற்றவைக்கவில்லை.

அக்கா படங்கை உதறிக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் நீ?"

"நோர்வூட்டுக்கா."

"அம்மா கொழுந்தா?"

"ஆமாங்க."

"அப்ப ஏன்டி வாயத் தொறக்கல?"

திட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

காலை ஊதிக்கொண்டிருந்த தோழி, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்றாள். சொன்னேன். அம்மாவின் வேலை, அப்பாவின் வேலை, லயம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "நாலு வருடமாக இதையும் சுமந்துகொண்டா நடந்தாய்?" என்றாள். பிறகு, தேத்தண்ணி மிச்சம் இருக்கிறதா என்று அவர்களைக் கேட்கச் சொன்னாள். அக்காவின் போத்தலில் பாதிதான் மிச்சம். அதை ஐந்துபேரும் குடித்தோம். பையின் பாரத்தைக் குறைக்கத்தான் இந்த அடுப்பைச் செய்தேன் என்று அக்காவிடம் சொன்னேன். தோழி சீனியை எப்படி நக்கிக் குடிப்பது என்று தெரியாமல் கையெல்லாம் ஒட்டவைத்துக்கொண்டதைப் பார்த்து மறுபடி சிரித்தார்கள். இந்த முறை அவளும் சிரித்தாள்.

வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் குரல் மேலிருந்து வந்தது. அக்கா எழுந்தார். போகிற போக்கில் என் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"அஞ்சு கிலோகூட இல்ல. இதக் குறைக்கவா இவ்வளவு பாடு?"

அவருடைய பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அது மலை ஏறி இறங்கிய பிறகுதான் உறைத்தது.

வீட்டில் எதுவும் சொல்லக்கூடாது என்ற முடிவோடு போனேன். விரல்களைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். அம்மா பையைத் தூக்கினார்.

"போனப்ப அஞ்சு. சாப்பாடு தீர்ந்ததுக்கும் மேல குறையுதே. எதத் தொலைச்ச?"

சிந்திப்போன ஸ்பிரிட்டையும் அந்தக் களேபரத்தில் நசுங்கிய அடுப்பையும் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. நெருப்பைப் பற்றிச் சொன்னபோது கத்துவார், இனிமேல் நடை கிடையாது என்பார் என்று காத்திருந்தேன். விரல்களைப் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் தடவினார். "தீய விடு. அந்தப் பொம்பள தேத்தண்ணி குடுத்தப்ப நீ பேசாமலா இருந்த?" என்றார். அதற்குப்பின் இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. அவருக்கு எது வலித்தது, நெருப்பா, பேசாமல் இருந்ததா, அல்லது நான் யாரை மறைத்தேன் என்பதா? இன்னும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆறாவது அடுப்பையும் செய்தேன். இதை வாசலில், உச்சி வெயிலில் சோதித்தேன். அடுப்பு கையால் தொடுமளவு ஆறும்வரை போத்தல் மூடியைத் திறப்பதில்லை. அம்மாவிடம் பழைய படங்கில் ஒரு துண்டு கேட்டேன். "எதுக்கு? பாரம் கூடுமே" என்று குத்திக் காட்டிக்கொண்டே வெட்டித் தந்தார். அதைத் தண்ணீரில் நனைத்து ஒரு பையில் கட்டி அடுப்போடு வைத்துக்கொள்கிறேன். நனைந்த துண்டு அடுப்பைப்போல இருபது மடங்குக்கு மேல் கனக்கும். முன்பு பல்துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டிக் கனம் குறைத்த நான், இந்தக் கனத்தைக் குறைக்க நினைத்ததில்லை.

அம்மா கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் தெளிவான பதில் இல்லை. எதைச் சுமக்கவேண்டும், எதை இறக்கிவைக்கவேண்டும் என்பதை நான் தவறாக நிறுத்திருந்தேன் என்பது மட்டும் விளங்குகிறது. வருகிற சனிக்கிழமை நடை, வழக்கம்போல் பஸ் நிலையத்தில் தொடங்காது. முந்தாநாள் தோழிக்கு எழுதி அனுப்பிவிட்டேன்: எங்கள் லயத்துக்கு வா, ஏழாவது கதவு, அம்மாவின் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அங்கிருந்தே நடப்போம்.