காது கேளாத ஆடு

கல்லூரியில் அவளை ரீலு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. பேருந்தைத் தவறவிட்டால் அதற்கு ஒரு கதை, அந்தக் கதைக்குள் ஒரு கிளைக்கதை, அதில் ஓட்டுநருக்கு ஒரு காதல் தோல்வி என்று அவிழ்த்துவிடுவாள். கேட்கிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அத்தனையும் புளுகு என்று தெரிந்துகொண்டே, அப்புறம் என்னாச்சு என்று கேட்பார்கள்.

அந்த வாய்க்கு ஓய்வு ஒழிச்சல் கிடையாது. காலையில் கல்லூரி வானொலியில் ஒரு குட்டிக்கதை, மாலையில் நாடகக் குழு, புதன்கிழமை மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் கட்டில் கட்டிலாகப் போய்க் கதை, சனிக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுப் பயிற்சி. நடுவில் உளவியல் பட்டப்படிப்பு என்று ஒன்றும் இருந்தது. அதைப் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையில் புத்தகத்தோடு படித்து வந்தாள். பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா, சொத்தைப் பல்லோடு வருகிறவர்களைக்கூட மாதம் இரண்டு தடவை பார்த்துவிடுகிறேன், பெற்ற மகளைப் பார்க்கத்தான் நேரம் வாங்க முடியவில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

இவ்வளவு ஓட்டத்திலும் அவள் உயிரை வைத்திருந்தது ஞாயிறு பள்ளி வகுப்பில்தான். ஆலயத்துக்குப் பின்புறம், மடக்கு நாற்காலிகளும் பாடகர் அங்கிகளும் அடைந்து கிடக்கும் ஒரு நீள அறை. மேலே கடகடவென்று சத்தம் போடும் மின்விசிறி. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள். வானொலியில் யார் கேட்கிறார்கள், யார் கேட்கவில்லை என்று தெரியாது. நாடகத்தில் கைதட்டு பாதி நட்புக்காக விழும். இந்த அறையில் அப்படி இல்லை. கதை பிடிக்காவிட்டால் பிள்ளைகள் மூஞ்சிக்கு நேரே கொட்டாவி விடுவார்கள். தன் கதை கதைதானா என்பதை அவள் அந்த முகங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

அந்த வகுப்பில்தான் தையற்காரரின் மகள் புதிதாக வந்து சேர்ந்தாள். இரண்டு காதுக்குப் பின்னாலும் கேட்கும் கருவி. வயதுக்கு மீறிய உயரம் என்பதால் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். வந்த அன்றைக்கே ஒரு வாண்டு, அது ரேடியோவா என்று கேட்டது. இன்னொன்று அவள் முதுகுக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. ரீலு அதைப் பார்த்துவிட்டாள். அதட்டினால் அன்றைக்கு அடங்குவார்கள், மறுவாரம் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பிப்பார்கள். கதையால்தான் இவர்களைப் பிடிக்க வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

பாடத்தில் அப்போது காணாமற்போன ஆட்டின் கதை. ரீலு அந்த ஆட்டுக்கு மொட்டு என்று பெயர் வைத்தாள். மொட்டுக்குக் காது கேட்காது. பொழுது இருட்டியதும் மேய்ப்பர் கூப்பிடுகிறார், மற்ற ஆடுகள் எல்லாம் ஓடி வருகின்றன, மொட்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கீழ்ப்படியாத ஆடு என்று மற்றவை ஏசுகின்றன. மேய்ப்பர் மலையேறிப் போய், முதுகைத் தொட்டு, தூக்கிக்கொண்டு வருகிறார்.

சும்மா சொன்னால் ரீலு ஆவாளா? அட்டையில் ஆடுகளை வெட்டினாள். வீட்டிலிருந்து வெள்ளைப் போர்வையைத் தூக்கிவந்து அறைக்குக் குறுக்கே கட்டினாள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் நிழலாட்டம். போர்வைக்குப் பின்னால் நின்று மேய்ப்பர், ஆடு, ஓநாய், காற்று என்று அத்தனை குரலையும் தானே கொடுத்தாள். ஓநாய் வந்த இடத்தில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த ஞாயிறு, தையற்காரர் மகளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று கையைத் தட்டின அதே வாண்டு சண்டை போட்டது. வெளியே வந்து தனியாக ஒரு குதி குதித்துவிட்டுத்தான் ரீலு பேருந்து ஏறினாள்.

குதித்த குதிக்கு வேதத் தேர்வில் பலன் வந்தது.

வட்டாரத்துச் சபைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு முறை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வைக்கும் தேர்வு அது. ஒரு சபையின் தாள்களை இன்னொரு சபையார் திருத்துவார்கள். தாள்கள் திருத்தி வந்ததும் ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர் அவளைத் தன் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சுவர் முழுக்க ஆளில்லாத கண்ணாடிகள் அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.

காணாமற்போன ஆட்டின் கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். ஆட்டின் பெயர் மொட்டு என்று ஒரு தாள். மொட்டுக்குக் காதில் கோளாறு என்று இன்னொன்று. ஓநாய்க்குத் தடுமன் பிடித்து மூக்கு ஒழுகியது என்று மூன்றாவது. அதுவும் ரீலுவின் கைச்சரக்குதான். திருத்தியவர் சிவப்பு மையில், இது எந்த வேதத்தில் உள்ளது என்று தாளுக்குத் தாள் கேட்டிருந்தார். வகுப்பே குப்புற விழுந்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் கோபக்காரர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"கற்பனை பண்ணாதன்னு நான் சொல்லலம்மா. ஆனா எது வேதம், எது உன் சரக்குன்னு புள்ளைங்களுக்குத் தெரியலையே," என்றார்.

வகுப்பை அவளிடமே விடுவதா என்ற முடிவைப் பாஸ்டர் அவரிடமே விட்டுவிட்டாராம். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் வகுப்பை எடுக்கத் தயாராக இருக்கிறாராம், புத்தகத்தைப் பார்த்து அப்படியே சொல்லிக்கொடுப்பாராம். மற்றதை எல்லாம் விட்டுவிடுகிறேன், இதை மட்டும் பிடுங்காதீர்கள் என்று ரீலு சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது வேறு.

"அந்தத் தையற்கார அங்கிள் பொண்ணுக்காகத்தான் சொன்னேன் அங்கிள். அவளை யாரும் கேலி பண்ணக் கூடாதுன்னு."

அவர் யோசித்து, கட்டின் அடியிலிருந்து அந்தப் பிள்ளையின் தாளை உருவினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. முழு மதிப்பெண். வேதத்தில் உள்ளது உள்ளபடி, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒரு பிள்ளையாவது இப்படி எழுதியிருக்கிறது என்றால் நீயும் ஒழுங்காகத்தானே சொல்லிக்கொடுத்திருக்கிறாய், மற்றதுகள் விளையாட்டுத்தனமாக எழுதித் தொலைத்திருக்கின்றன என்று அவரே அவளுக்காக வாதாடத் தொடங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைப் பாஸ்டர் முன்னால் கதையைச் சொல்லவைத்தால் போதும், வகுப்பு உனக்குத்தான் என்றார். ரீலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு நாடகக் குழுவுக்கு மட்டம் போட்டுவிட்டு நேரே தையற்கடைக்கு நடந்தாள்.

கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மகள் தரையில் உட்கார்ந்து பொத்தான்களை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். ரீலு வந்த விஷயத்தைச் சொன்னதும் தையற்காரர் மெஷினை நிறுத்தினார். குனிந்து மகளின் தோளைத் தொட்டார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்த பிறகே, அக்கா வந்திருக்கிறாள் பார் என்றார். பிறகு திரும்பி உட்கார்ந்து மெஷினை மிதித்தார். சின்னவள் ரீலுவின் வாயையே பார்த்தாள்.

பாஸ்டர் முன்னால் கதை சொல்ல அவளுக்குச் சந்தோஷம்தான். எந்தக் கதை என்று மட்டும் கேட்டாள்.

"காணாமப்போன ஆடுதான்டா, நம்ம மொட்டு."

"மொட்டு யாருக்கா?"

ரீலு சிரித்தாள். பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தாள். போர்வை கட்டி, விளக்கை அணைத்து, நிழலில் காட்டினேனே என்று ஞாபகப்படுத்தினாள்.

"நிழல் பாத்தேன். ஆடு ஓடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

அப்பா வாங்கிக் கொடுத்த புத்தகத்தைப் படித்துத்தான் தேர்வு எழுதினாளாம். அதையும் பெருமையாகச் சொன்னாள்.

அடிப்பாவி என்று ரீலு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். யாருக்காகக் கட்டிய போர்வையோ, அவளுக்கும் தனக்கும் நடுவிலேயே அதைக் கட்டி, அவள் பார்த்துப் புரிந்துகொள்ளும் உதட்டை மறைத்திருக்கிறாள். இத்தனை நாளில் இந்தப் பிள்ளையிடம், கதை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? கூட்டத்தின் முகத்தைப் பார்த்தாள், அந்தச் சிரிப்பில் இவள் சிரிப்பையும் சேர்த்து எண்ணிவிட்டாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு, அழுகையும் வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? முக்காலியை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டாள். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, ஓநாய் குரலும் காற்றின் ஓசையும் இல்லாமல் மொட்டுவின் கதையை முதலிலிருந்து சொன்னாள். தையற்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். சின்னவளின் கண் ரீலுவின் உதட்டை விட்டு நகரவில்லை. மேய்ப்பர் முதுகைத் தொடும் இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதை முடிந்ததும் கொஞ்ச நேரம் கையிலிருந்த பொத்தானை உருட்டினாள்.

"மொட்டுக்குக் காது கேக்காதுன்னு மேய்ப்பருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்டா."

"தெரிஞ்சுமா இருட்டுல நின்னு கூப்பிட்டாரு?"

பிள்ளை பதிலுக்காக ரீலுவின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது கண்ணாடிக்கடையில் கதவடைக்கும் நேரம். அந்த முழு மதிப்பெண்ணில் தனக்குப் பங்கு இல்லை, வகுப்பில் தன் வாயிலிருந்து வந்த ஒரு கதையும் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை என்று ரீலு நின்றபடியே சொல்லிவிட்டாள். வகுப்பை அந்த ஆசிரியைக்கே கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்பது போல அவர் அவளைப் பார்த்தார்.

"அப்போ உனக்கு என்னம்மா வேணும்?"

"ஒரு நாற்காலி அங்கிள். மொத வரிசைல, அவளுக்கு எதிர்ல."

ஞாயிற்றுக்கிழமை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன, விளக்கும் எரிந்தது. ஆசிரியை புத்தகத்தைப் பார்த்துப் படித்தார். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த ரீலு, ஆசிரியை சொன்ன ஒவ்வொரு வரியையும் சத்தமில்லாமல், உதட்டால் மட்டும், முதல் வரிசைக்கு வந்திருந்த தையற்காரர் மகளுக்குத் திருப்பிச் சொன்னாள். தன் சரக்கில் ஒரு சொல்லைக்கூட அவள் சேர்க்கவில்லை.