ஆறாம் நம்பர் பூட்ஸ்

ஐந்தாவது ஜோடியையும் மாட்டிக்கொண்டு கடைக்குள் நடக்கிறார் மதலேனம்மாள். அரியலூர் கடைவீதியில் தார்ப்பாய், மண்வெட்டி, கையுறை எல்லாம் விற்கிற கடை. புடவையைத் தூக்கிச் செருகியிருக்கிறார். வாசல்வரை போய்த் திரும்புகிறார். குத்தவைத்து உட்கார்ந்து எழுகிறார். கால்நுனியை ஊன்றி எக்கி நின்று பார்க்கிறார்.

“பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்களேம்மா” என்கிறார் கடைக்காரர்.

“பொண்ணு புடிக்கலேன்னா எந்திரிச்சுப் போயிடலாம் தம்பி. இத காலையில மாட்டுனா பொழுது சாயற வரைக்கும் கழட்ட முடியாதுங்க.”

ஏலாக்குறிச்சிப் பக்கம் பிறந்தவர். கணவர் இருதயநாதன் இறந்த பிறகு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்தார். சூளையில் சுட்ட சுண்ணாம்புக்கல், கருங்கட்டிகளாக பெல்ட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து கீழே சிந்துவதை அள்ளி மறுபடி மேலே கொட்டுவது பெண்களின் வேலை. தரையே கொதிக்கும் இடம். பூட்ஸ் இல்லாமல் கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

அவருக்குக் கால் நாலாம் நம்பர். பூட்ஸோ ஆறிலிருந்துதான் வருகிறது. பெண்ணுக்கென்று ஓர் அளவு இருக்கலாம் என்று செய்கிறவர்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு சாக்ஸ் போட்டு, குதிகாலில் பழைய வேட்டித் துணியை மடித்து வைத்துத்தான் நடப்பார். முனையில் இருக்கும் இரும்புத் தகடு இடித்து இடித்து இரண்டு சுண்டுவிரலிலும் நகம் கறுத்து விழுந்துவிட்டது. மகள் ஷாலினி மேரி கல்யாணத்தில் எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றிலும் புடவைக் கரைக்குள் காலை இழுத்துக்கொண்டு நிற்கிறார்.

விலை குறைந்த பூட்ஸைப் பற்றி அவரிடம் உறுதியான கருத்து உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் கேட்காமலே சொல்வார். “மொத நாளே மெத்துன்னு இருந்தா நம்பாதீங்க. அது வெறும் பசை. மழைக்கு வாயைப் பொளந்துடும். ஓரத்துல நூல் தெரியணும். ரெண்டு மாசம் கடிக்கும், கடிச்சா கடிச்சிட்டுப் போகுது. அதுதான் நிக்கும்.”

போன வருடம் கான்ட்ராக்டர் மாறினார். புதிதாக வந்தவர், எல்லோருக்கும் புது பூட்ஸ் கொடுத்தார். கையில் எடுத்தால் கனமே இல்லை. கூட வேலை செய்த ஆண்டாயிக்கு ஒரே சந்தோஷம். கல்லங்குறிச்சிக்காரர், இவரைவிட நாலைந்து வயது இளையவர். “அக்கா, செருப்பில்லாம நடக்குற மாதிரி இருக்குக்கா” என்று அங்குமிங்கும் நடந்து காட்டினார்.

ஐப்பசி மழையில் ஆண்டாயியின் வலது பூட்ஸ் அடிப்பாகம் முன்பக்கம் பிளந்துகொண்டது. சூப்பர்வைசர் அன்பழகனிடம் போய் மாற்றித் தரக் கேட்டார்கள்.

“வருசத்துக்கு ஒரு ஜோடிதான்க்கா. நான் என்ன வூட்லயா செய்யிறேன்? இல்லாம உள்ள விடமுடியாது, போயிட்டு வாங்க.”

ஒரு நாள் கூலி போய்விடுமே என்று ஆண்டாயி கண்ணைத் துடைத்தார். மதலேனம்மாள் கட்டுக்கம்பி ஒரு துண்டு தேடி எடுத்துவந்தார். பூட்ஸோடு சேர்த்துச் சுற்றி, குறடு வாங்கி முறுக்கினார். மூன்று இடத்தில் முறுக்கினார். “ஒலகமே கவுந்தாலும் இது கழலாதுடி” என்று சொல்லிச் சிரித்தார்.

அன்று மதியம் பெல்ட் திடீரென்று நின்று, மேலே குவிந்திருந்ததெல்லாம் சரிந்தது. ஆண்டாயியின் வலது கால் கணுக்கால்வரை புதைந்தது. பிடித்து இழுத்துவிட்டார்கள். ஆனால் நெருப்புத் தூள் பிளந்த வாய் வழியாக உள்ளே போயிருந்தது. “அக்கா கழட்டு, கழட்டுக்கா!” என்று அலறினார் ஆண்டாயி. நாடா ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கம்பி வரவில்லை. மதலேனம்மாள் விரலால் முறுக்கைப் பிரிக்கப் பார்த்தார், பல்லால் கடித்தார். குறடு அந்தக் கோடியில், கொட்டகையில் இருந்தது.

திருச்சி ஆஸ்பத்திரியில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு ஆலை அதிகாரி வந்தார். அந்த அம்மா செருப்போடு வேலைக்கு வந்ததாகச் சொன்னார் அன்பழகன். பெண்கள் வரிசையிலிருந்து மதலேனம்மாள் எழுந்தார். உதட்டில் கம்பி கிழித்த காயம் ஆறியிருக்கவில்லை.

“பூட்ஸு போட்டிருந்துச்சுங்க சார். நீங்க குடுத்த பூட்ஸு, வாயைப் பொளந்தது. கம்பி போட்டுக் கட்டுனது நான். கழட்ட முடியாமப் போனதும் என்னாலதான். ரெண்டையும் எழுதிக்குங்க.”

எழுதிக்கொண்டார்கள். ஆண்டாயிக்கு வைத்தியச் செலவு கிடைத்தது அதனால்தான். மதலேனம்மாளை வெளி மைதானம் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள்; வாரத்தில் பாதி நாள்தான் கூப்பிடுவார்கள். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேசுவது வேறொன்றைப் பற்றி.

ஆஸ்பத்திரியில் ஆண்டாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொல்லியிருக்கிறார். “நீ கட்டலேன்னா அன்னிக்கு என்னைய வூட்டுக்குல்ல அனுப்பியிருப்பாங்கக்கா. எனக்காகத்தானே செஞ்ச.”

“வூட்டுக்குப் போயிருப்பா” என்கிறார் மதலேனம்மாள். “சோறாக்கிட்டு, புள்ளையத் திட்டிட்டு இருந்திருப்பா.” ஜெபம் சொல்ல மண்டியிட்டால் இதுதான் வருகிறதாம், மற்றது எதுவும் வரமாட்டேன் என்கிறதாம்.

அதிலிருந்து கான்ட்ராக்டர் கொடுப்பதைத் தொடுவதில்லை. சொந்தமாக வாங்கிக்கொள்கிறார். இன்று ஆறாவது ஜோடி பிடித்துப்போகிறது. நன்றாகக் கடிக்கிறது. “இருக்கட்டும், இப்படியே போட்டுக்கிட்டுப் போறேன். நடந்தாத்தான் பழகும்” என்று பழைய செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு, வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கிக்கொண்டு கல்லங்குறிச்சி பஸ் ஏறுகிறார். இறங்கும்போதே நொண்டல் தெரிகிறது.

தெரு திரும்பினால் ஆண்டாயியின் வீடு. மதியத்தில் அவர் வாசல்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். திருப்பத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவரில் உட்கார்ந்து, மதலேனம்மாள் பூட்ஸ் இரண்டையும் கழற்றுகிறார். சாக்ஸை உருவி உள்ளே திணித்து, பைக்குள் அடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடுகிறார். பழத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறார். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடக்கிறது. அதில் வெறுங்காலை வைத்து, அவசரப்படாமல், தெருவுக்குள் திரும்புகிறார்.