தெரியாத கேள்வி

பாம்பன் பக்கம் ஒரு பள்ளிக்கு ஆய்வுக்குப் போனபோதுதான் அந்த அறிவியல் ஆசிரியையைப் பார்த்தேன். ஒல்லியான உருவம், சேலை முந்தானையெல்லாம் சாக்பீஸ் தூள். பாடம் நடத்தாமல் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்க சிக்கல் ஊர்ல கண்மாய் மட்டுந்தான், கடலப் பத்தி எனக்கென்ன தெரியும்? அலையே இல்ல, பெறகு ஏன் இன்னைக்கு ஒரு போட்டும் போகல?"

"கச்சான் காத்து எந்திரிக்கும் டீச்சர். மேக்க மேகத்தப் பாருங்க," என்றாள் கடைசி பெஞ்சுப் பெண்.

"ஏய், அது மழை மேகம்!" என்று இன்னொருத்தி சண்டைக்கு வந்தாள்.

ஆசிரியை இரண்டையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நான் என் படிவத்தில், 'ஆசிரியைக்குப் பாடத்தெளிவு போதாது' என்று எழுதினேன்.

"சார், நீங்களும் ஒண்ணு கேளுங்க," என்றார்.

"காற்று எதனால் வீசுகிறது?" என்றேன். வகுப்பே கப்சிப்.

அவர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒங்களுக்குப் பதில் தெரியும்னு கண்டுபிடிச்சிட்டாங்க சார். நமக்குத் தெரியாததக் கேட்டாத்தான் வாயத் தொறப்பாங்க."

எழுதியதை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறென்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதை வகுப்பிடமே கேட்டிருக்கலாம் என்பது, திரும்பும் பேருந்து மண்டபம் ஊரைத் தாண்டிய பிறகுதான் தோன்றியது.