கடலைக் கொல்லைக்குக் காவல் வந்த கம்பெனி பஸ்

கம்பெனி பஸ்ஸைத் தினமும் காலையில் மறித்து நிற்கிறார் என்று என் வீட்டுக்காரர் மேல் புகார்.

அந்த நேரத்தில் அவர் வீட்டில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். (சாட்சி நான்.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்பத்தூர் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எளாவூர் பக்கம் அரை ஏக்கரில் குடியேறி சில மாதங்கள்தான் ஆகின்றன. தோட்டம் துரவு ஆசையெல்லாம் எனக்கு. அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஸ்டீல் கம்பெனி வேலை. "இங்கிருந்து வேலைக்குப் பக்கம்" என்று ஆசை காட்டித்தான் இழுத்து வந்தேன்.

வந்து பார்த்தால், கம்பெனி பஸ் எங்கள் வேலியை உரசிக்கொண்டு போகிறது. ஆனால் நிற்காது. மெயின் ரோடு வரை நடக்க வேண்டும்.

பஸ் டிரைவர் பாபு அண்ணனிடம் இவர் கேட்டுப் பார்த்தார்.

"லிஸ்ட்ல இல்லாத எடத்துல வண்டி நிக்காது சார். உங்களுக்கு நிறுத்துனா நாளைக்கு ஊரே கை காட்டும்."

அந்தக் கோபத்தை இவர் என்னிடம் இறக்கினார்.

"ஒரே ஒரு போகம் பாக்கலாம். நீ போட்ட கடலை ஊடு வந்து சேந்துச்சுன்னா இங்கயே இருக்கலாம். இல்லன்னா அம்பத்தூருக்கே மூட்டை கட்டிடலாம்."

சரி என்றேன். மயிலைப் பற்றி எனக்கு அப்போது என்ன தெரியும்?

கடலை முளை விட்டதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரையிலிருந்து கூட்டமாக வந்தன. காலண்டரில் பார்த்தால் அழகுதான். நம் கொல்லையில் பார்த்தால் வயிறு எரிகிறது. காலால் சீய்த்துச் சீய்த்து, செடி செடியாகப் பிடுங்கித் தின்றன. தட்டை எடுத்துத் தட்டினேன். திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டன.

பக்கத்துக் கொல்லை கஜலட்சுமி அக்கா எட்டிப் பார்த்தார். "முருகரு வாகனம்மா அது, கல்லு கில்லு உட்டுடாத. ஒரு பொம்ம கட்டி நிறுத்து."

கட்டினேன். வைக்கோல் உடம்பு. அதற்கு வீட்டுக்காரரின் பழைய யூனிபார்ம், மஞ்சள் ஹெல்மெட், மின்னுகிற ஆரஞ்சு ஜாக்கெட். இரண்டு கையையும் நன்றாக விரித்து, வேலியோரம் ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். (சேஃப்டி ஷூவும் கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டார்.)

மறுநாளிலிருந்து ஒரு மயில் கிடையாது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பொம்மையைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் குரூப்பில் எல்லாம் போட்டேன். விடியற்காலையில் ரோட்டில் ஆரன் சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகமாகக் கேட்டது. ரோட்டோர வீடு, கேட்கத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன்.

அப்புறம்தான் கம்பெனி ஆபீஸிலிருந்து போன். இவருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிப்ட், மத்தியானம்தான் வேலைக்குக் கிளம்புவார். ஸ்பீக்கரில் போட்டார்.

"இன்னா சார், டெய்லி காலைல கைய விரிச்சுக்கினு பஸ்ஸ மறிக்கிறீங்களாமே? ஆரன் அடிச்சாலும் நகர்றதில்லையாம், கேட்டா பதிலும் சொல்றதில்லையாம்."

"சார், நான் அந்நேரம் தூங்கிக்கினு இருக்கேன் சார்."

"ஹெல்மெட்லாம் போட்டுக்கினு மொறைக்கிறீங்கன்றாரு டிரைவரு. இன்னொரு தபா கம்ப்ளெய்ண்ட் வந்தா மெமோதான், பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டு இவர் என்னைப் பார்த்தார். நான் கொல்லையைப் பார்த்தேன்.

மறுநாள் விடியற்காலை இரண்டு பேரும் வேலிக்குப் பின்னால் காத்திருந்தோம். நல்ல பனி. பஸ் வந்தது. காது கிழிகிற மாதிரி ஒரு ஆரன். பாபு அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், எத்தினி தபா சொல்றது? இங்க நிக்காதுன்னா நிக்காது. சொம்மா பேஜாரு பண்ணிக்கினு."

இவர் மெதுவாக எழுந்தார். "அண்ணே, நான் இங்க இருக்கேன்."

பாபு அண்ணன் இவரைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் பஸ் சத்தமே இல்லாமல் போனது.

பின்னாலேயே மயில்கள் வந்தன. ஒன்று பொம்மையின் ஹெல்மெட் மேலேயே ஏறி உட்கார்ந்தது.

இத்தனை நாளும் அவை பயந்தது பொம்மைக்கு இல்லை, ஆரனுக்கு. அம்பத்தூரில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக்கொண்டு நின்றதெல்லாம் கண் முன்னால் வந்து போனது.

மறுநாள் பஸ்ஸுக்கு முன்னால் நானே கையை விரித்துக்கொண்டு நின்றேன். (குடும்ப வழக்கம்.)

"இன்னாம்மா, இப்ப நீயா?"

"அண்ணா, வண்டி நிக்கவே வேணாம். தாண்டும்போது ஒரு ஆரன் மட்டும் அடிச்சுட்டுப் போங்க. மயிலு பூராத்தையும் தின்னுட்டா, இவரு என்னய அம்பத்தூருக்கே இட்டுக்கினு பூடுவாரு."

"இன்னா போட்டுக்கீற?"

"வேர்க்கடலை."

"அவிச்சுத் தருவியா?"

"மொத சட்டி உங்களுக்குத்தான்."

அவர் கியரைப் போட்டார். "பொம்மய மட்டும் எடுத்துடாத. அத்தப் பாத்தாதான் எனக்குக் கோவம் வரும். கோவம் வந்தாதான் ஆரன் நல்லா வரும்."

சொன்ன சொல் தவறவில்லை மனுஷன். பனி போய் வெயில் வந்த பிறகும் கோபம் குறையவில்லை.

கடலை வந்துவிட்டது, நண்பர்களே. பெரிய மகசூல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வந்துவிட்டது. நேற்று முதல் சட்டியை அவித்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். அதை வாங்க பஸ் எங்கள் வாசலில் நின்றது. எல்லாரும் தோலை உரிப்பதில் மும்முரமாக இருந்த நேரம் பார்த்து இவர் சத்தமில்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். யாரும் இறங்கச் சொல்லவில்லை.

பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கேட்டார். "ஏம்மா, அடுத்து உளுந்து போடலாமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த சந்தோஷத்தில் வீட்டுக்குத் திரும்பி, அறுவடைதான் முடிந்துவிட்டதே என்று பொம்மையைப் பிரித்து உள்ளே வைத்தேன்.

இன்று காலை இவர் புது யூனிபார்மில் அதே இடத்தில் நின்று கை காட்டினார். பஸ் நிற்காமல் போய்விட்டது. ஸ்பீட் பிரேக்கர் வரை ஓடித்தான் பிடித்தாராம்.

"ஏண்ணே நிறுத்தல?" என்று கேட்டதற்கு பாபு அண்ணன் சொன்ன பதில்: "பொம்ம நிக்கிற எடந்தான் சார் ஸ்டாப்பு. நீங்க மட்டும் நின்னா எனக்கு எப்டி தெரியும்?"

ஒரு செடிகூட இல்லாத கொல்லையில் பொம்மையைத் திரும்பக் கட்டி நிறுத்திவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

யாரிடமாவது பழைய சேஃப்டி ஷூ இருக்கிறதா? சைஸ் எதுவானாலும் பரவாயில்லை. எங்கள் ஸ்டாப்புக்கு வேண்டும்.