மூன்றாவது பந்தலில் கேட்க வேண்டிய கேள்வி

கடலூரில் கிளம்பி, கேப்பர் மலை ஏறி, முந்திரித் தோப்புகள் வழியாக வடலூர் வரை நடக்க வேண்டும். டயாலிசிஸ் மெஷின் ஒன்று வாங்க நிதி திரட்டுவதற்காக ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஏற்பாடு செய்த நடை அது. மலை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். செம்மண் மேடுதான். ஆனால் ஏறி இறங்கி, மறுபடி ஏறி இறங்கினால் முட்டி அதை மலை என்றே ஒப்புக்கொள்ளும். 2010 மாசி மாதம், வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம்.

‘கடைசி ஆள்’ வேலையை நானாகக் கேட்டு வாங்கினேன். யாருக்கும் பிடிக்காத வேலை. எல்லோருக்கும் பின்னால், சிவப்புத் துணி கட்டிய குச்சியைப் பிடித்துக்கொண்டு தனியாக நடக்க வேண்டும். வழியில் ஐந்து தண்ணீர்ப் பந்தல்கள். கடைசி ஆள் வந்ததும் பந்தலில் இருப்பவர், “பின்னாடி யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்க வேண்டும். “யாரும் இல்ல” என்று நான் சொல்ல வேண்டும். அதை நேரத்தோடு நோட்டில் எழுதிக்கொண்டு பந்தலைப் பிரிப்பார்கள். யாராவது மயங்கித் தோப்புக்குள் விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்று வைத்த விதி அது. கேட்காமல் பிரிக்கக் கூடாது.

நான் அந்த வேலையை வாங்கியதற்குக் காரணம் மூன்றாவது பந்தல். அங்கே என் மச்சான் இருந்தான். என் மனைவியின் தம்பி. ஒன்றரை வருடமாக என்னோடு அவனுக்குப் பேச்சில்லை. விதிப்படி ஒரு கேள்வியாவது என்னிடம் அவன் கேட்டாக வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு திட்டம் போட்டேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனபோது அவன் துபாயில் இருந்தான். நானும் அவளும் சிதம்பரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் போய் வந்தோம். “தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, என் கிட்னிய எடுத்துக்கன்னு வந்து நிப்பான். ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிருக்கான்” என்று என் கையை எடுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் வாயை மூடிக்கொண்டேன். கடைசி நாளில்தான் போன் செய்தேன். அவன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றான். சத்தியத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. செத்தவள் மேல் பழியைப் போட மனசு வரவில்லை. அதற்குப் பிறகு அவன் துபாய்க்குத் திரும்பவில்லை, கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், கடை வைத்தான். என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

நடக்கிறேன் என்று புது கேன்வாஸ் ஷூ வாங்கிப் போட்டிருந்தேன். புது ஷூவில் இவ்வளவு தூரம் நடக்கக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முதல் பந்தல் தாண்டுவதற்குள் முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தம் காதுக்கு எட்டாமல் போய்விட்டது. இரண்டாவது பந்தலில் கேள்வி கேட்டு, நான் பதில் சொல்லி, அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நான் வந்தாலே எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள் என்று செத்துப்போன என் மனைவியிடம் சொன்னேன். வீட்டிலும் அவளோடு அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து ஈரமாக இருந்தது.

மூன்றாவது பந்தலில் யாருமே இல்லை. மூங்கில் நட்ட குழிகள் இருந்தன. மோர்ப்பானை வைத்திருந்த இடத்தில் மண் இன்னும் ஈரம் காயவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்மேல் கோபமென்றால் அது என்னோடு. விதியை மீற இவன் யார்? எனக்குப் பின்னால் ஒரு ஆள் விழுந்து கிடந்தால் யார் பொறுப்பு? கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு ஏனென்று தெரியவில்லை, “பின்னாடி யாரும் இல்ல” என்று அந்த வெறும் இடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தேன்.

கால் மணி நேரம் நொண்டியிருப்பேன். எதிரே ஒரு தொண்டர் பைக்கில் வந்து, ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் பிளாஸ்திரியும் கொடுத்தார்.

“யாரு குடுத்தது?”

“பந்தல்லேருந்து போன் வந்துச்சாம் சார். கடையில வாங்கிட்டுப் போவச் சொன்னாங்க.”

நாலாவது பந்தல்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். செருப்பு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

சாயங்காலம் வடலூரில் சாப்பிட்டு, குச்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புகார் சொல்வதற்காகவே மூன்றாவது பந்தலின் நோட்டை வாங்கிப் பார்த்தேன். மச்சானின் கையெழுத்து. ‘மணி 12.40. கடைசி ஆள் போயாச்சு. பின்னாடி யாரும் இல்லை. இடது காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார். எட்டாம் நம்பர் செருப்பு அனுப்பச் சொல்லி போன் செய்தேன்.’

துபாயிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குச் செருப்பு வாங்கி வந்தவன் அவன்.

ஆக, பந்தலைப் பிரித்துவிட்டு முந்திரி மரத்துக்குப் பின்னால்தான் இருந்திருக்கிறான். நான் நின்றதைப் பார்த்திருக்கிறான். சொன்னதைக் கேட்டிருக்கிறான். அது தெரிந்திருந்தால் அவன் அக்கா வாங்கிய சத்தியத்தைப் பற்றி அங்கேயே உடைத்துச் சொல்லியிருப்பேன். அத்தனை பேர் நடுவில் அழுகை வந்துவிட்டது. அவன் எங்கே என்று கேட்டேன். முதல் வேனிலேயே போய்விட்டதாகச் சொன்னார்கள். இரண்டு நாள் கழித்து போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

அடுத்த வருடமும் கடைசி ஆளாகவே பேர் கொடுத்தேன். அந்தப் பழைய ரப்பர் செருப்பைத்தான் போட்டுக்கொண்டேன். மூன்றாவது பந்தலில் ஒரு டீச்சரம்மா இருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார். அவர் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். முந்திரி மரங்களுக்கு இடையில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பிறகு “பின்னாடி யாரும் இல்ல” என்று அந்தப் பக்கம் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.