அம்மா மதினி என்று அழைத்த மத்தியானம்

சௌல்தாரியில் எங்கள் வீட்டுக்குப் போகும் சாலையில் கிடந்த மேடத்தின் ஒற்றைச் செருப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பழுப்பு நிறம், வார் அறுந்திருந்தது. மற்றொன்றைக் காலில் மாட்டியபடியே அவர் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார். அதைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. வாசலில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

மேடம் எங்கள் கல்லூரியில் சமூகவியல் பாடம் எடுக்க, கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்தவர். குட்வில் எஸ்டேட்டில் தனியாக வாடகைக்கு இருந்தார். இந்தி அவருக்கு வராது. பாடத்தை ஆங்கிலத்தில் நடத்திவிட்டு, வகுப்பிலிருந்த நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகளுக்காக ஒவ்வொரு கலைச்சொல்லையும் தமிழில் ஒருமுறை அவிழ்த்துக் காட்டுவார். அப்படித்தான் ஒருநாள் 'புனைவு உறவு' என்று எழுதினார். இரத்தத்தாலும் திருமணத்தாலும் வராமல், அழைக்கும் முறையாலேயே உண்டாகிற உறவு. எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மாளை மௌசி என்றும், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரரை மாமா என்றும் கூப்பிட்டு வளர்ந்த எங்களுக்கு இதற்கும் ஒரு பெயர் தேவையா என்றிருந்தது. மேடத்துக்கோ அதுவே ஆச்சரியம். எங்கள் தெருவுக்கு வந்து, யார் யாரை என்னவென்று கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்ய விரும்பினார்.

அவர் எங்கள் தெருவுக்கு வந்த வாரத்தில் எல்லோருடைய போனிலும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. கப்பலில் வந்து இறங்கிய ஒரு பெண் பிள்ளை பிடிக்கிறாளாம். எந்த வீட்டிலும் பிள்ளை காணாமல் போகவில்லை. ஆனாலும் பள்ளி விடும் நேரத்தில் தாய்மார்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

மேடத்துக்குத் தண்ணீர் எடுக்க நான் வீட்டுக்குள் போன நேரத்தில் அது நடந்தது. அவர் ஒரு சின்னப் பெண்ணின் முன் குந்தி உட்கார்ந்து, போனை நீட்டி, "பக்கத்து வீட்டு ஆன்ட்டியை என்னன்னு கூப்பிடுவே?" என்று கேட்டிருக்கிறார். யாரோ கத்தினார்கள். நான் சொம்போடு வெளியே ஓடி வந்தபோது அவரைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். இந்தியில் கேட்ட கேள்விகளுக்கு அவர் தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிப் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் அவரை இன்னும் அந்நியராக்கியது. பையைப் பிடுங்கினார்கள். போனை யாரோ தட்ட, அதிலிருந்து அந்தக் குழந்தையின் குரல் கேட்டது.

"பச்சே கா ஆவாஸ்!" என்றார் ஒருவர். பிள்ளையின் குரல்! அவ்வளவுதான், கூட்டம் ஒரே உடம்பாக அசைந்தது. எங்கள் தெரு ஆட்டோக்கார அண்ணன் வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை உருவி எடுப்பதைப் பார்த்தேன். 'இவர் எங்கள் மேடம்' என்று கத்தினேன் என்றுதான் நினைத்தேன். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை.

அப்போது அம்மா என்னைத் தாண்டிப் போனாள். அரிசி களைந்துகொண்டிருந்த ஈரக்கை. கூட்டத்துக்குள் தோளால் இடித்து நுழைந்து மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன மதினி, வீட்டுக்கு வராம ரோட்டுலயே நின்னா எப்படி?" பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யே மேரா நனத் ஹை," என்றாள். என் நாத்தனார். என் பக்கம் திரும்பி, "அத்தையோட பையை வாங்குடி," என்றாள்.

கேட்டால் கொடுத்துவிடுவார்களா என்றுகூட யோசிக்கவில்லை. "அத்தை பை குடுங்க," என்று நான் கையை நீட்டியதும், வைத்திருந்தவர் கொடுத்துவிட்டார்.

அத்தோடு முடியவில்லை. வீடுவரை பின்னால் வந்தார்கள். தாதா, அதாவது அண்ணன், என்று தெருவே கூப்பிடும் கடைக்காரர் வாசலில் நின்று, "இத்னா தின் கிதர் தா?" என்றார். இத்தனை நாள் எங்கே இருந்தாளாம்? அம்மா கொஞ்சமும் தயங்காமல், தன் கல்யாணத்தில் கோபித்துக்கொண்டு போனவள் இப்போதுதான் மனசு மாறி வந்திருக்கிறாள் என்று இந்தியில் சொன்னாள். "தும் லோக் மார்னே ஆயா? அடிக்கவா வந்தீங்க?" என்று குரலை உயர்த்தினாள். மேடம் பாயில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறந்தால் எல்லாம் போய்விடும் என்று நான் அவருக்கும் வாசலுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரோ நல்லவர் கூப்பிட்டதால் போலீஸ் ஜீப் வந்தது. ஆட்கள் கலைந்தார்கள்.

ஜீப் மேடத்தை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அம்மா உள்ளே போனாள். அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மலையில சின்னப் பிள்ளையா இருக்கயில எங்க லயத்து வீட்டு வரிசைக்கும் இப்படித்தான் கூட்டம் வந்துச்சு. வந்தவங்கள்ல பாதிப் பேரு தெரிஞ்சவங்க. எங்களைச் சொந்தம்னு சொல்ல ஒரு ஆளு வரல," என்றாள். சிலோன் மலைத் தோட்டத்தைப் பற்றி அவள் அதற்குமுன் குளிரையும் தேயிலைக் கொழுந்தையும் தவிர எதையும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு முடிந்ததும் மேடம் வேலையை விட்டுவிட்டார். அதுவரைக்கும் அந்தப் புனைவு உறவுப் பாடத்தை அவர் திரும்ப எடுக்கவே இல்லை. கப்பலேறும் நாளில் ஜெட்டிக்குப் போனோம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அன்னிக்கு இருந்த ஒரு முகம்கூட எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். "பஜார்ல யார் சிரிச்சாலும் இவரா இருக்குமோன்னு தோணுது. இதுக்கு மேல இங்க இருக்க முடியல."

இப்போது நானும் கல்லூரியில் சமூகவியல் பாடம் எடுக்கிறேன், அதே தெருவில் குடியிருந்துகொண்டு. எனக்கு அந்த முகங்கள் எல்லாம் ஞாபகம் இருக்கின்றன. தாதா கடையில்தான் பருப்பு வாங்குகிறேன். அம்மாவுக்கு மூச்சு முட்டியபோது ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனவர் அந்த ஆட்டோக்கார அண்ணன்தான், நல்ல மனிதர். தினமும் காலையில் என் மகள் "மாமா" என்று கூப்பிட்டபடி அவர் வண்டியில் ஏறிப் பள்ளிக்குப் போகிறாள். வண்டி திருப்பத்தில் மறையும்வரை நான் வாசலை விட்டு நகர்வதில்லை.